சக்கையை எரிப்பதா, செரிக்க விடுவதா, சரக்காக்குவதா?

பழம் பிழிகிற ஆலையோ, மரம் அறுக்கிற ஆலையோ, தானியம் அரைக்கிற ஆலையோ, தாவரத்தை மூலப்பொருளாகக் கொண்ட எந்த ஆலையிலும் முன்வாசல் வழியாகச் சரக்கு போகப் போகப் பின்பக்கம் ஒரு மேடு வளரும். சக்கை, உமி, தோல், கொட்டை, மரத்தூள், மண்டி என்று அதற்குப் பல பெயர். அதை என்ன செய்யலாம் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. கொதிகலன் விற்பவர் எரிக்கச் சொல்வார். பயோகேஸ் கலன் கட்டுபவர் ஊறப்போடச் சொல்வார். ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து வருபவர் அதற்குள் ஒளிந்திருக்கும் அரிய வேதிப்பொருளைப் பற்றிப் பேசுவார். மூவர் சொல்வதிலும் பொய்யில்லை. ஆனால் மூவரும் தங்கள் இயந்திரத்திலிருந்து பேச்சைத் தொடங்குகிறார்கள். மேட்டிலிருந்து தொடங்கினால் முடிவு பல சமயம் வேறாக வருகிறது.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த வழியில் போனாலும் இறுதியில் ஒரு மிச்சம் விழும். அது எங்கே போகும் என்பதை முடிவு செய்த பிறகுதான் மற்றதை முடிவு செய்ய வேண்டும். எரிப்பதும் செரிக்க விடுவதும் பழைய வழிகள், கவர்ச்சியில்லாதவை. ஆனால் மற்ற வழிகளின் மிச்சமெல்லாம் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றிடம்தான் வந்து சேர்கிறது.

முதலில் மேட்டைத் தெரிந்துகொள்வது

உலர்ந்த தாவரப் பொருளுக்கு, சாம்பலைக் கழித்துவிட்டுப் பார்த்தால், வெப்ப மதிப்பில் பெரிய வேற்றுமை கிடையாது. மரமானாலும் சக்கையானாலும் கிலோவுக்கு 17 முதல் 19 மெகாஜூலுக்குள் நிற்கும். வேற்றுமை முழுக்கத் தண்ணீரில் இருக்கிறது. ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்கவே சுமார் 2.4 மெகாஜூல் போய்விடுகிறது. அந்த வெப்பம் புகைபோக்கி வழியே வெளியேறிவிடும். பாதி எடை தண்ணீராக இருக்கும் கரும்புச் சக்கை கிலோவுக்கு ஏறத்தாழ 7.5 மெகாஜூல் தருகிறது. நூற்றுக்கு எண்பது பங்கு தண்ணீராக இருக்கும் மதுவாலைத் தானியச் சக்கையில் கணக்குப்படி 1.75 மெகாஜூல் மிஞ்சும். கணக்கில் மிஞ்சுவது அடுப்பில் மிஞ்சாது. ஈரம் நூற்றுக்கு அறுபது, அறுபத்தைந்தைத் தாண்டினால் தீ தானாக நிலைத்து எரிவதே கடினம்.

உலர்த்திக் கருவி விற்பவர்கள் இங்கே ஒரு வித்தை செய்வதுண்டு. சக்கையின் ஈரத்தை 50 சதவீதத்திலிருந்து 40க்குக் குறைத்தால் கிலோவுக்கு 7.5 மெகாஜூல் 9.5 ஆகிறது என்று வரைபடம் காட்டுவார்கள். உண்மைதான். ஆனால் உலர்த்திய பிறகு கிலோவும் குறைந்துவிட்டது அல்லவா? ஒரு டன் ஈரச் சக்கை இப்போது 833 கிலோதான். மேட்டின் மொத்த வெப்பத்தில் கூடியது ஆறு சதவீதம்போல. கொதிகலன் சற்றுச் சீராக எரியும், அதுவும் லாபம்தான். புகைபோக்கியில் வீணாகும் வெப்பத்தைக் கொண்டு உலர்த்தினால் செய்யலாம். அதற்கென்று தனியாக எரிபொருள் வாங்கி உலர்த்தினால் ஒரு கையில் வாங்கி மறு கையில் விட்ட கதை.

அடுத்தது சாம்பல். சுத்தமான மரத்தில் அது ஒரு சதவீதத்துக்கும் கீழே. உமியில் 15 முதல் 20 சதவீதம், அதில் பெரும்பங்கு மணலில் இருக்கும் சிலிகா. அளவைவிட அதன் குணம் முக்கியம். வைக்கோலில் பொட்டாசியமும் குளோரினும் அதிகம். பொட்டாசியம் சாம்பலைச் சீக்கிரம் உருகவைத்துக் கொதிகலனுக்குள் கட்டி கட்டியாக ஒட்டவைக்கும். குளோரின் நீராவிக் குழாய்களை அரிக்கும். வைக்கோலை மின்நிலையங்களில் எரித்துப் பழகிய டென்மார்க் இதை நன்றாக அறியும். மழையில் நனைந்து வெளுத்த வைக்கோலில் அந்த உப்புகள் கழுவப்பட்டிருக்கும் என்பதால், பளபளக்கும் மஞ்சள் வைக்கோலைவிட நிறம் மங்கிய வைக்கோலைத்தான் அங்கே எரிபொருளாக விரும்பினார்கள்.

மூன்றாவது, தொலைவும் காலமும். தளர்வாகக் கொட்டிய உமி ஒரு கன மீட்டருக்கு 100 கிலோ அளவில்தான் நிற்கும், அதாவது லாரியில் பெரும்பாலும் காற்றை ஏற்றிச் செல்கிறோம். பருவத்துக்கு மட்டும் ஓடும் ஆலையாக இருந்தால் மேடு சில மாதங்களில் குவிந்துவிடும், அதைத் தின்னும் இயந்திரமோ ஆண்டு முழுவதும் பசியோடு நிற்கும். இடையில் சேமிப்பு வரும். ஈரமான சக்கை மேடு நுண்ணுயிர்களால் உள்ளே சூடேறி, சில வேளை தானாகவே தீப்பிடிக்கும். பூஞ்சை பிடித்து உலர்ந்த கரும்புச் சக்கையின் தூசியைச் சுவாசித்த தொழிலாளர்களுக்கு வரும் நுரையீரல் நோய்க்கு பகசோசிஸ் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். திட்ட அறிக்கைகளில் சேமிப்புக்கு ஒரு வரி ஒதுக்குவார்கள். அது ஒரு அத்தியாயம் பெறத் தகுந்தது.

இவற்றோடு இன்னொரு கேள்வி: இது இப்போது உண்மையிலேயே கழிவுதானா? தானியச் சக்கையை மாட்டுத்தீவனமாக யாரோ எடுத்துப் போகிறார்கள் என்றால் அது ஏற்கெனவே நல்ல வேலையில் இருக்கிறது. உலர் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் புரதம் உள்ள ஒரு பொருளை எரித்துவிட்டு, மாட்டுக்குச் சோயா வாங்கிப் போடுவதில் பொருள் இல்லை.

எரிப்பது

உலர்ந்த கழிவு இருக்கிறது, ஆலைக்கு நீராவியும் வேண்டும் என்றால் எரிப்பதை வெல்லும் வழி குறைவு. காரணம் எளிது. சரக்கை விற்க வேண்டாம், தரச்சான்று வேண்டாம், வாடிக்கையாளர் தேட வேண்டாம். வாங்குபவர் நீங்களேதான். நிலக்கரியையோ எண்ணெயையோ எரித்துக்கொண்டிருந்த இடத்தில் உங்கள் கழிவு உட்காருகிறது. எரிசக்தித் துறையில் இவ்வளவு உறுதியான சந்தை வேறு எங்கே கிடைக்கும்?

சர்க்கரை ஆலைகளின் கதை இதற்கு நல்ல பாடம். ஒரு டன் கரும்பில் கால் பங்குக்கு மேல் ஈரச் சக்கை விழும். பழைய ஆலைகளில் குறைந்த அழுத்தக் கொதிகலன்களை வைத்திருந்தார்கள், திறன் குறைவாக இருந்தால் நல்லது என்றுகூட நினைத்தார்கள். சக்கை மிஞ்சினால் அதை அப்புறப்படுத்துவது தனிச் செலவு அல்லவா! மிஞ்சும் மின்சாரத்தை வெளியே விற்க வழி பிறந்ததும் அதே சக்கைக்கு உயர் அழுத்தக் கொதிகலனும் சுழலியும் வந்தன. மொரீஷியஸ் தீவில் சர்க்கரை ஆலைகளை ஒட்டிய மின்நிலையங்கள் அறுவடைக் காலத்தில் சக்கையையும் மற்ற மாதங்களில் நிலக்கரியையும் எரித்து நாட்டின் மின்கட்டமைப்புக்கு மின்சாரம் தந்தன. பருவச் சிக்கலுக்கு அவர்கள் கண்ட விடை அது. அதில் உள்ள கசப்பும் கண்ணில் படாமல் போகாது.

எரித்தால் எல்லாம் முடிந்துவிட்டது என்பதும் தவறு. சாம்பல் மிஞ்சும். உமியை 700 டிகிரி செல்சியசுக்குக் கீழே கட்டுப்பாட்டோடு எரித்தால் அதன் சிலிகா படிகமாகாமல் இருக்கும், சிமெண்டோடு வினைபுரியும், கான்கிரீட்டுக்குச் சேர்மானமாக நல்ல மதிப்பு. அளவுக்கு மீறிச் சூடேறிவிட்டால் அதே சிலிகா படிகமாகிவிடுகிறது. சிமெண்டோடு சேராது, தூசியாக நுரையீரலுக்குள் போனால் ஆபத்தும்கூட. ஒரே உமி, ஒரே அடுப்பு, வெப்பநிலை மாறினால் சரக்கு தொல்லையாகிவிடும். உமி எரிக்கும் ஆலை சாம்பலை வாங்குபவரோடு பேசிவிட்டுத்தான் கொதிகலனைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எரிபொருள் கட்டிகளைப் பற்றி நீட்டிப் பேச அதிகமில்லை. உமியையோ மரத்தூளையோ அழுத்திப் பெல்லட்டாக்கினால் கன மீட்டருக்கு 600, 700 கிலோ நிற்கும், தொலைவு ஒரு சிக்கலாக இராது. எரிக்கும் இடம் வெகுதூரத்தில் இருந்தால் செய்யலாம். கொதிகலன் பக்கத்துக் கட்டடத்தில் இருக்கும்போது கட்டியாக்குவது வீண் வேலை. சிலிகா மிகுந்த பொருள் அச்சுத் தகட்டை வேகமாகத் தேய்க்கும் என்பதையும், மூடிய கிடங்கில் மரப் பெல்லட்டுகள் மெதுவாகக் கார்பன் மோனாக்சைடை வெளிவிடும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. கப்பல்களின் சரக்கறைப் படிகளில் இறங்கியவர்கள் இதனால் உயிரிழந்திருக்கிறார்கள்.

செரிக்க விடுவது

ஈரம் மிகுந்த கழிவுக்குப் பயோகேஸ். அந்தத் தானியச் சக்கையையே மீண்டும் எடுத்துக்கொள்வோம். காற்றில்லாக் கலனில் ஒரு டன் போட்டால் 50 முதல் 60 கன மீட்டர் மீத்தேன் எதிர்பார்க்கலாம். கன மீட்டருக்கு சுமார் 36 மெகாஜூல் என்றால், மொத்தம் 2,000 மெகாஜூலைச் சுற்றி வருகிறது. எரித்தால் காகிதத்தில் 1,750, நடைமுறையில் அதுவும் சந்தேகம். இங்கே தண்ணீரை ஆவியாக்க வேண்டியதில்லை, அதற்குள்ளேயே நுண்ணுயிர்கள் வேலை செய்கின்றன. கிடைப்பதும் குழாயில் போகும் வாயு. சுத்திகரித்தால் வாகனத்துக்கும் போடலாம்.

கழுவிய நீர், பிழிந்த நீர் போன்ற கரைந்த கழிவுக்கு நிலைமை இன்னும் நன்றாக இருக்கிறது. நீரில் உள்ள மாசை வேதி ஆக்சிஜன் தேவை, அதாவது அதை முழுக்கச் சிதைக்க வேண்டிய ஆக்சிஜன், என்ற அளவில் கணக்கிடுவார்கள். அதில் ஒரு கிலோ நீங்கினால் 0.35 கன மீட்டர் மீத்தேன் வரும். நெதர்லாந்தின் வாகனிங்கனில் 1970களில் காட்சே லெட்டிங்காவும் குழுவினரும் உருவாக்கிய கலனில், நுண்ணுயிர்கள் தாமாகவே சிறு மணிகளாகத் திரண்டு அடியில் தங்கிவிடுகின்றன. கழிவுநீர் கீழிருந்து மேலே ஏறிச் செல்கிறது. வாரக்கணக்கில் தங்க வேண்டிய நீர் சில மணி நேரத்தில் வெளியேறிவிடுகிறது. அதற்கு லெட்டிங்கா காப்புரிமை எடுக்கவில்லை. உலகெங்கும் அது அவ்வளவு வேகமாகப் பரவியதற்கு அதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

இந்த நுண்ணுயிர்களுக்குச் சில பொருள்கள் ஆகாது. தாவரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருளை அவை தொடுவதில்லை. அதனால் மரத்தூளைப் பயோகேஸ் கலனில் போடுவது கலனை நிரப்புவதற்கு மட்டுமே உதவும். ஆரஞ்சு, எலுமிச்சைத் தோலில் இருக்கும் லிமோனீன் எண்ணெய் அவற்றை முடக்கிவிடும். அதை முதலில் பிரித்தெடுத்துவிட வேண்டும், பிரித்தால் அதுவே நறுமணச் சரக்கு. கார்பனும் நைட்ரஜனும் 20க்கு 1 முதல் 30க்கு 1 வரையிலான விகிதத்தில் இருந்தால் நலம். போடும் பொருள் திடீரென்று மாறினால் கலன் புளித்துப்போகும், மீண்டும் நிலைக்கு வர வாரங்கள் ஆகலாம். பல பொருள்களை மாற்றி மாற்றிச் செய்யும் ஆலைக்கு இது தலைவலி.

இதைவிடப் பெரிய கேள்வி வெளியே வரும் குழம்பு. போட்டதில் இருந்த நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் எல்லாம் அதில்தான் நிற்கிறது. பக்கத்தில் வயல் இருந்தால் உரம், இல்லாவிட்டால் இன்னொரு கழிவு. வாயுவின் அளவை மட்டும் காட்டி, குழம்பு எங்கே போகும் என்பதைச் சொல்லாத திட்டத்தை நான் நம்புவதில்லை. கசிவும் அப்படித்தான். மீத்தேன் நூறாண்டுக் கணக்கில் கார்பன் டையாக்சைடைப்போலச் சுமார் 27 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். மேடு மட்கும்போது அது வெளியேறுவதைத் தடுப்பதே கலனின் முதல் நன்மை. உற்பத்தியில் சில சதவீதம் மூடியிலும் குழாயிலும் கசிந்தால் அந்த நன்மையில் நல்ல பங்கு காணாமல் போகும்.

கரி, எண்ணெய், வாயு

காற்றில்லாமல் சூடேற்றினால் தாவரப் பொருள் கரியாகவும் எண்ணெயாகவும் வாயுவாகவும் பிரியும். மெதுவாகச் சூடேற்றினால் கால் பங்குக்கு மேல் கரி. 500 டிகிரி அளவில் நொடிப்பொழுதில் சூடேற்றி ஆவியை உடனே குளிரவைத்தால் உலர் எடையில் 60 முதல் 75 சதவீதம் வரை திரவம். இந்த இரண்டாவது எண்ணைக் கேட்டதும் பலருக்குக் கண் விரிகிறது. பெட்ரோலியம் போல ஒன்று கிடைத்துவிட்டதாக நினைக்கிறார்கள். கிடைப்பது, நான்கில் ஒரு பங்கு வரை தண்ணீர் கலந்த, வினிகரைப்போல் புளித்த, நாளாக நாளாகக் கெட்டியாகும் ஒரு கரிய திரவம். வெப்பம் டீசலில் பாதிக்கும் குறைவு. டீசலோடு கலக்காது, சாதாரண இரும்பை அரிக்கும். அமெரிக்காவில் இப்படிப்பட்ட எண்ணெயை வாகன எரிபொருளாக்க முயன்ற கியோர் நிறுவனம் 2014இல் திவாலானது.

அதே எண்ணெயை அதன் குணமறிந்து பயன்படுத்திய இடமும் உண்டு. நெதர்லாந்தின் ஹெங்கலோவில் 2015இல் தொடங்கிய எம்பைரோ ஆலை மர எச்சத்திலிருந்து எண்ணெய் எடுத்து, ஒரு பால்பொருள் ஆலையின் கொதிகலனில் இயற்கை எரிவாயுவுக்குப் பதில் எரிக்கக் கொடுத்தது. வாகனத்துக்கு என்று நினைக்காமல் கொதிகலனுக்கு என்று நினைத்ததால் அது நடந்தது. ஆனால் அந்தக் கொதிகலன் உங்கள் வளாகத்திலேயே இருந்தால் நேரே மரத்தை எரிக்கலாமே என்ற கேள்வி தானாக வரும்.

கரியின் கதை வேறு, எனக்குச் சற்று நம்பிக்கை தருவதும்கூட. நன்றாகச் சுட்ட கரியில் ஹைட்ரஜன் அணுக்கள் கார்பன் அணுக்களோடு ஒப்பிட 0.7க்கும் குறைவாக இருந்தால், அது மண்ணில் நூற்றாண்டுக் கணக்கில் மட்காமல் நிற்கும் என்று தரவிதிகள் ஏற்கின்றன. மண்ணில் ஈரத்தையும் ஊட்டத்தையும் பிடித்துவைக்கும் குணம் உண்டு, மணற்பாங்கான, அமிலத்தன்மை மிகுந்த மண்ணில் பலன் தெளிவாகத் தெரியும். வளமான மண்ணில் பல நேரம் பெரிதாக ஒன்றும் தெரியாது. கொட்டாங்கச்சி போன்ற அடர்த்தியான ஓடுகளைக் கரியாக்கி, பின் 800 டிகிரிக்கு மேல் நீராவி பாய்ச்சினால் ஒரு கிராமில் 1,000 சதுர மீட்டர் அளவுக்குப் பரப்புள்ள செயலூட்டிய கரி கிடைக்கும். நீரையும் காற்றையும் தங்கச் சுரங்கக் கரைசலையும் வடிகட்ட அதற்கு நிலையான தேவை இருக்கிறது. உமிக்கும் வைக்கோலுக்கும் இந்த வழி சரிவராது, சாம்பல் கெடுத்துவிடும்.

வாயுவாக்குவது, அதாவது அரைகுறைக் காற்றில் எரித்து எரிவாயு எடுப்பது, கேட்க அழகான வழி. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காத ஐரோப்பாவில் லட்சக்கணக்கான வாகனங்கள் மரக்கட்டை அடுப்பை முதுகில் சுமந்து ஓடின. போர் முடிந்து பெட்ரோல் வந்ததும் அவை எவ்வளவு சீக்கிரம் மறைந்தன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தார்தான் வில்லன். வாயு குளிரும்போது அது குழாயிலும் எந்திரத்திலும் படியும். ஒரே அளவுத் துண்டு, ஒரே ஈரம், நாள்தோறும் சுத்தம் செய்ய ஆள், மூன்றும் இருந்தால் ஓடும். ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் 20 மெகாவாட் அளவில் மரத்திலிருந்து மீத்தேன் எடுத்த கோபிகேஸ் ஆலை தொழில்நுட்பத்தில் தோற்கவில்லை. எரிவாயு மலிவாக இருந்ததால் 2018இல் நிறுத்திவிட்டார்கள்.

எத்தனால் என்ற கானல்

சக்கையிலிருந்து சர்க்கரை எடுத்து, அதைப் புளிக்கவைத்து எத்தனாலாக்கலாம் என்பது புதிய செய்தியே இல்லை. 1819இலேயே ஆன்றி பிராக்கோனோ என்ற பிரெஞ்சு வேதியியலாளர் துணியை கந்தக அமிலத்தில் கரைத்துச் சர்க்கரை எடுத்துக் காட்டினார். இரண்டு நூற்றாண்டுகளாக அறிவியல் கையில் இருக்கிறது, தொழில் மட்டும் வழுக்கிக்கொண்டே இருக்கிறது.

2010களில் நடந்ததைப் பாருங்கள். இத்தாலியின் கிரெசென்டினோவில் 2013இல் திறந்த எத்தனால் ஆலை 2017இல் நின்றது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் நெவாடா ஊரில் மக்காச்சோளத் தட்டையிலிருந்து எத்தனால் எடுக்க டூபாண்ட் நிறுவனம் 2015இல் திறந்த ஆலை, ஆண்டுக்கு 3 கோடி கேலன் என்ற திட்டத்தோடு வந்து, 2017இல் மூடப்பட்டது. ருமேனியாவின் பொடாரியில் கிளாரியன்ட் 2022இல் ஓடத் தொடங்கிய ஆலையை மூடுவதாக அடுத்த ஆண்டே அறிவித்தது. நாரைச் சர்க்கரையாக உடைக்கும் நொதியின் விலையைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். ஆலைகளைத் திணறடித்ததில் அதைவிடச் சாதாரணமான காரணங்களுக்கும் பெரும்பங்கு உண்டு: வயலிலிருந்து வந்த தட்டைக் கட்டுகளில் மண்ணும் கல்லும், அழுத்தக் கலனுக்குள் நாரைத் தொடர்ந்து ஊட்ட முடியாமல் அடைத்துக்கொள்ளும் திருகுகள், ஒவ்வொரு வண்டியிலும் மாறும் ஈரம். இதில் எனக்குப் பிடித்த திருப்பம், டூபாண்டின் அந்த ஆலையை 2018இல் வாங்கிய ஜெர்மனியின் வெர்பியோ நிறுவனம் அதே மக்காச்சோளத் தட்டையிலிருந்து மீத்தேன் எடுக்கும் ஆலையாக அதை மாற்றியதுதான்.

விதிவிலக்கு பிரேசிலில் இருக்கிறது. ரைசன் நிறுவனம் பிராசிகாபாவில் தன் சர்க்கரை ஆலையை ஒட்டியே சக்கை எத்தனால் ஆலையை 2014-15இல் ஓட்டத் தொடங்கி, அதன்பின் மேலும் கட்டியது. சக்கை ஏற்கெனவே கழுவி நசுக்கி ஆலைக்குள் வந்துவிட்டது. நீராவி இருக்கிறது, காய்ச்சி வடிக்கும் கோபுரம் இருக்கிறது, எத்தனால் வாங்க ஒரு நாடே இருக்கிறது, மிஞ்சும் லிக்னின் நேரே கொதிகலனுக்குப் போகிறது. இவ்வளவும் இல்லாத தனி ஆலை இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு நகர்ந்துவிடலாம்.

நாராகவும் பலகையாகவும்

நாரை உடைத்து மூலக்கூறாக்கி எரிப்பதைவிட, நாராகவே வைத்துக்கொள்வது அறிவார்ந்த வேலை என்று தோன்றும். செடி பல மாதம் உழைத்துக் கட்டிய அமைப்பு அல்லவா? லூசியானாவில் செலோடெக்ஸ் நிறுவனம் 1920களிலேயே கரும்புச் சக்கையிலிருந்து கட்டடக் காப்புப் பலகை செய்து விற்றது. சக்கைக் காகிதம், துகள்பலகை, அச்சில் வார்த்த தட்டு எல்லாம் இன்று சாதாரணம்.

இங்கே கவனிக்க வேண்டியவை சில. சக்கையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பஞ்சுபோன்ற சோறு, அது பலகைக்கும் காகிதத்துக்கும் ஆகாது, நீக்கிவிட வேண்டும். நீக்கியது எங்கே போகும்? கொதிகலனுக்குத்தான். வைக்கோலின் மேல் மெழுகும் சிலிகாவும் இருப்பதால் மரப்பலகையில் பயன்படும் யூரியா பிசின் சரியாக ஒட்டாது, விலை கூடிய ஐசோசயனேட் பிசின் வேண்டும். உணவுத் தட்டுகளில் எண்ணெய் ஊறாமலிருக்கப் பல காலம் ஃபுளோரின் சேர்மங்களைக் கலந்தார்கள். காடுகளைக் காப்பாற்றும் தட்டு என்று சொல்லிக்கொண்டே மட்காத வேதிப்பொருளைச் சேர்த்த வேடிக்கை அது. எண்ணெய் தடுக்க அவற்றைச் சேர்த்த உணவுத்தாள்கள் தங்கள் சந்தையில் இனி விற்கப்படுவதில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024இல் அறிவித்தது. தட்டு ஆலை தொடங்குபவர் மாற்றுப் பூச்சை முதலில் கண்டுகொண்டு பிறகு அச்சை வாங்கட்டும்.

இவற்றைவிட முக்கியமான ஒரு கணக்கு இருக்கிறது, அதைப் பெரும்பாலும் யாரும் போடுவதில்லை. கொதிகலனில் எரிந்துகொண்டிருந்த சக்கையைப் பலகைக்குக் கொடுத்தால் அந்தக் கொதிகலனுக்கு வேறு எரிபொருள் வேண்டும். அது நிலக்கரி என்றால் பலகையின் பசுமைக்கு நிலக்கரியின் புகை விலையாகிறது. உபரிச் சக்கையை, அதாவது நீராவித் தேவை போக மிஞ்சுவதை மட்டும் பலகைக்கு அனுப்புவதுதான் நேர்மையான ஏற்பாடு. அப்படி மிஞ்ச வேண்டுமானால் கொதிகலன் திறமையாக எரிய வேண்டும். பலகை ஆலை கட்டும் பணத்தில் ஒரு பகுதியைப் பழைய கொதிகலனை மாற்றுவதில் போட்டாலே சில இடங்களில் கணக்கு நேராகிவிடும்.

மூலக்கூறு வேட்டை

கழிவிலிருந்து வேதிப்பொருள் எடுத்து வென்றவர்கள் இருக்கிறார்கள். குவேக்கர் ஓட்ஸ் நிறுவனம் 1920களின் தொடக்கத்தில் தன்னிடம் குவிந்த ஓட்ஸ் உமியிலிருந்து, பிசினுக்கும் கரைப்பானுக்கும் பயன்படும் ஃபர்ஃபியூரால் என்ற வேதிப்பொருளை எடுக்கத் தொடங்கியது, இன்றும் மக்காச்சோளத் தக்கையிலிருந்து அதே வழியில்தான் எடுக்கிறார்கள். நார்வேயின் போரெகார்ட் ஆலை காகித மரத்தின் லிக்னினிலிருந்து 1962 முதல் வெனிலா மணம் தரும் வெனிலின் செய்கிறது. எலுமிச்சை வகைத் தோலும் ஆப்பிள் சக்கையும் ஜாமை இறுகவைக்கும் பெக்டினுக்கு. காகிதக்கூழ் ஆலையில் மிதக்கும், மரப்பிசினிலிருந்து வரும் டால் எண்ணெயிலிருந்து பின்லாந்தின் லாப்பென்ராந்தாவில் யூபிஎம் நிறுவனம் 2015 முதல் டீசல் எடுக்கிறது.

இந்த நான்கிலும் சில ஒற்றுமைகள் உள்ளன. தேடும் பொருள் கழிவில் ஏற்கெனவே திரண்டு இருக்கிறது அல்லது எளிதில் பிரிகிறது. வாங்குபவர் முன்கூட்டியே இருக்கிறார். கழிவு ஆண்டு முழுவதும் ஒரே தரத்தில், ஒரே இடத்தில் வருகிறது. ஆய்வுக்கூடத்தில் ஒரு பொருளில் நல்ல சத்து இருப்பதாகக் கண்டுபிடிப்பது வேறு, அதை டன் கணக்கில் எடுத்து விற்பது வேறு. வெனிலின் விஷயத்திலேயே மற்ற லிக்னின் ஆலைகள் பெட்ரோலிய வழியின் மலிவுக்கு முன்னால் நிற்க முடியாமல் ஒவ்வொன்றாக விலகின.

இனி மிச்சத்துக்கு வருவோம். தக்கையிலிருந்து ஃபர்ஃபியூரால் எடுத்தால் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் சரக்கு. மீதி ஈரமாக, அமிலத்தோடு நிற்கும். பெக்டின் எடுத்த தோல் முன்பைவிடத் தண்ணீராக இருக்கும், சில வழிகளில் ஆல்கஹாலும் கலந்திருக்கும். எடுக்கப்பட்ட சரக்கு ஒரு லாரி என்றால் மிச்சம் பல லாரி. ஃபர்ஃபியூரால் ஆலைகள் தங்கள் மிச்சத்தைத் தாங்களே எரித்து நீராவி எடுப்பதால்தான் கணக்கு நேராகிறது. கொதிகலனோ செரிகலனோ இல்லாமல் இந்த வேட்டையில் இறங்கினால், சிறிய சரக்கோடு புதிய, இன்னும் மோசமான கழிவு ஒன்றும் சொந்தமாகிவிடும்.

எதை யார் தேர்ந்தெடுப்பது

உலர்ந்த கழிவு, சொந்த நீராவித் தேவை: எரியுங்கள். உமியாக இருந்தால் சாம்பல் வாங்குபவரை வைத்துக்கொண்டு வெப்பநிலையை முடிவு செய்யுங்கள். உபரி இருந்தால் பெல்லட், பலகை, கரி என்று அப்புறம் யோசிக்கலாம். இவற்றில் எனக்குக் கரியும் பலகையும் முன்னால், வாகன எரிபொருள் கடைசியில்.

ஈரக் கழிவு, அருகில் கால்நடை: தீவனமாக அனுப்புங்கள். கால்நடை இல்லாமல் வயல் இருந்தால் பயோகேஸ். இரண்டும் இல்லாவிட்டால் முதலில் பிழிந்து நீரையும் திடத்தையும் பிரித்துப் பாருங்கள். நீர் செரிகலனுக்கும் திடம் அடுப்புக்கும் என்று பிரியும்போது சிக்கல் பாதியாகிறது. பழச்சாறு ஆலைக்கு இதுவே என் முதல் பரிந்துரை, அதிலும் தோலில் எண்ணெயும் பெக்டினும் இருந்தால் அவற்றை முதலில் எடுத்துவிட்டு.

சிறிய ஆலை, பருவக் கழிவு: இங்கே பெரும்பாலும் எந்த இயந்திரமும் கட்டுபடியாகாது. மேட்டை வேறு யாருடைய இயந்திரத்துக்குக் கொண்டு போகலாம் என்று பாருங்கள், பக்கத்து ஆலையின் கொதிகலனோ, நகராட்சியின் செரிகலனோ. உரமாக மட்கவிடுவதும் மரியாதையான வழிதான், காற்றோட்டமாகப் புரட்டிப் போட்டால் மீத்தேனும் கட்டுப்படும்.

பெரிய ஆலை, ஆண்டு முழுவதும் ஒரே கழிவு, ஏற்கெனவே நல்ல கொதிகலன்: மூலக்கூறு வேட்டைக்கு நேரம் வந்துவிட்டது. அப்போதும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், இயந்திரம் விற்பவரின் மாதிரி ஆலையில் அவரிடம் இருக்கும் பொருளை ஓட்டிக் காட்டச் சொல்லாமல், உங்கள் மேட்டிலிருந்து மழைக்காலத்தில் அள்ளிய, மண்ணும் கல்லும் கலந்த சுமையையே அனுப்பி ஓட்டச் சொல்லுங்கள். சில மணி நேரம் போதாது. திருகு எப்போது அடைக்கிறது, அதைத் திறந்து சுத்தம் செய்ய எவ்வளவு நேரம் ஆகிறது, வெளியே வரும் மிச்சத்தின் ஈரம் எவ்வளவு என்று உங்கள் ஆளே நின்று எழுதி வரட்டும்.